பதில் வராத சர்வர்

பதில் வரவில்லை என்றால் எதிர்முனையில் இருக்கும் கணினி படுத்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் (பல கணினிகள் சேர்ந்து இயங்கும் அமைப்புகள்) பாடத்தின் முதல் வாரமே அந்த நினைப்பை உடைத்தது. கணினி செத்திருக்கலாம், வேலைப் பளுவில் திணறிக்கொண்டிருக்கலாம், அனுப்பிய பதில் வழியிலேயே தொலைந்திருக்கலாம். இந்தப் பக்கம் காத்திருப்பவருக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். பாடம் முழுக்க இந்த ஒரு சிக்கலைத்தான் சுற்றி வருகிறது.

ஒரு சர்வர் போனாலும் இன்னொன்று காப்பாற்றட்டும் என்றுதான் ஒரே தகவலைப் பல சர்வர்களில் வைக்கிறோம். ஆனால் எல்லாவற்றிலும் ஒரே கணக்கு ஒரே வரிசையில் இருக்க வேண்டுமே! அதற்கான வழிகளில் ஒன்று ராஃப்ட். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டியேகோ ஓங்காரோவும் ஜான் ஆஸ்டர்ஹவுட்டும் 2014-இல் வெளியிட்டது. லெஸ்லி லாம்போர்ட்டின் பாக்ஸோஸ் முறை முன்பே இருந்தது. அதைப் புரிந்துகொள்ளப் பலரும் சிரமப்பட்டதால், எளிதில் புரிய வேண்டும் என்பதையே முதல் குறிக்கோளாக வைத்து ராஃப்ட்டை வடிவமைத்தார்கள். படிக்கிறவர் மீது அவர்கள் காட்டிய இந்த அக்கறை எனக்கு மிகவும் பிடித்தது.

ஐந்து சர்வர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று தலைவர். ‘இருக்கிறேன்’ என்று அது அடிக்கடி சேதி அனுப்பும். சேதி நின்றால் மற்றவை சற்றுப் பொறுத்துப் பார்க்கும். எவ்வளவு நேரம் என்பதை 150 முதல் 300 மில்லிநொடிக்குள் ஒவ்வொன்றும் குலுக்கல்போல எடுத்துக்கொள்ளலாம். எதற்கு முதலில் நேரம் முடிகிறதோ, அந்த சர்வர் பதவிக்கால எண்ணில் ஒன்றைக் கூட்டிக்கொண்டு வாக்குக் கேட்கும். ஒரு பதவிக்காலத்தில் ஒரு சர்வருக்கு ஒரே வாக்கு. மூன்று வாக்கு கிடைத்தால் அதுவே தலைவர். ஐந்தில் எந்த மூன்றை எடுத்தாலும், வேறெந்த மூன்றோடும் ஒரு சர்வராவது பொதுவாக இருக்கும். ஆகவே ஒரே பதவிக்காலத்தில் இரண்டு சர்வர்கள் ஜெயிக்க வழியே இல்லை. இரண்டு சர்வர்கள் விழுந்தாலும் மீதி மூன்று வேலையைத் தொடரும்.

நான் எழுதிய நிரலில் ஒரு நள்ளிரவு இரண்டு சர்வர்கள் தலைவர்களாக நின்றன. இணைப்பு அறுந்து திரும்பிய பழைய தலைவர், பதவியை விடாமல் கட்டளை அனுப்பிக்கொண்டே இருந்தது. லாகை வரி வரியாகப் படித்தேன். அதன் சேதியில் பதவிக்காலம் 4. மற்றவை அனுப்பிய பதிலில் 5. பெரிய எண்ணைக் கண்டதும் பதவி இறங்க வேண்டும் என்ற ஒற்றை ‘இஃப்’ வரியை விட்டிருந்தேன்! கணினிகளின் கடிகாரங்களை நம்பாமல் எண்களைக் கொண்டே முன்பின் அறியலாம் என்று லாம்போர்ட் 1978-இல் எழுதியது அந்த இரவில்தான் எனக்கு விளங்கியது.

பல கணினிகளில் மென்பொருள்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ் தன் நிலவரத்தைச் சேமித்து வைக்கும் எட்சிடி, ராஃப்ட்டைக் கொண்டுதான் இயங்குகிறது. நீங்களும் இந்தப் பாடத்தைப் படிக்கிறீர்கள் என்றால், படிப்பதோடு நிறுத்தாமல், ராஃப்ட்டை நீங்களே எழுதி, ஒரு சர்வரின் இணைப்பைத் துண்டித்துப் பாருங்கள்.