2 லிட்டர் டேங்க்கோட நாள் முழுக்க மலைப்பாதை: ட்ரயல்ஸ் பைக்குக்கு ஒரு பெட்ரோல் கணக்கு

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த வாரம் ஒரு நேயர் கேள்வியை எடுத்துக்கலாம். இங்கிலாந்துல படிச்சு முடிச்சு இப்பதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிற ஒரு தம்பி, செகண்ட் ஹேண்ட்ல ஒரு ட்ரயல்ஸ் பைக் வாங்கியிருக்கார். அவர் கேட்டது இதுதான்: "அண்ணா, வண்டி செமையா இருக்கு. ஆனா டேங்க் 2 லிட்டர்தான். மலைப்பாதையில நாள் முழுக்க சுத்தணும்னா என்ன பண்றது? பெரிய டேங்க் மாட்டலாமா? இல்ல, பேக்பேக்ல ஒரு பாட்டில் பெட்ரோல் வெச்சுக்கலாமா?"

நான் லீட்ஸ்ல சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன். வார இறுதியில யார்க்‌ஷயர் டேல்ஸ் பக்கம் இதே மாதிரி ஒரு வண்டியைத்தான் ஓட்டுறேன். அதனால என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். பேக்பேக் வேண்டவே வேண்டாம். பெரிய டேங்க் கடைசி வழி. முதல்ல அளந்து பாருங்க, அப்புறம் பாதையை மாத்துங்க, அதுக்கப்புறம் ஒரு அரை லிட்டர் கூடுதலா எடுத்துட்டுப் போறதைப் பத்தி யோசிங்க. ஏன் இந்த வரிசைன்னு இனிமே பார்ப்போம்.

ட்ரயல்ஸ் வேற, ட்ரெயில் வேற

ட்ரயல்ஸ்ங்கிறது ஒரு போட்டி. பாறை, ஓடை, செங்குத்தான மேடுன்னு சின்னச் சின்னப் பகுதிகள் குறிச்சிருப்பாங்க. அதைக் காலைத் தரையில வைக்காம கடக்கணும். ஒரு தடவை கால் வெச்சா ஒரு பெனால்டி புள்ளி, அந்தப் பகுதியையே முடிக்க முடியலைன்னா ஐந்து. இங்க வேகம் முக்கியமில்ல, பேலன்ஸ்தான் எல்லாம். ட்ரெயில் ரைடிங் அப்படி இல்ல. காட்டுப்பாதை, மலைப்பாதையில ஊர் சுத்துறது, அவ்வளவுதான்.

போட்டிக்காகச் செஞ்ச வண்டியில ஒவ்வொரு கிராமையும் எண்ணித்தான் வெச்சிருப்பாங்க. இன்னைக்கு வர்ற ட்ரயல்ஸ் பைக் பெரும்பாலும் 65-லேர்ந்து 75 கிலோவுக்குள்ள இருக்கும். உட்கார சீட்டே கிடையாது, நின்னுக்கிட்டுதான் ஓட்டணும். பெட்ரோல் ஒரு லிட்டர் சுமார் 740 கிராம். அடுத்த பாறை நூறு மீட்டர் தள்ளி இருக்கிறப்ப, 10 லிட்டரைச் சுமக்க எந்த ரைடரும் விரும்பமாட்டார். 1960, 70-கள்ல வந்த புல்டாக்கோ ஷெர்ப்பா மாதிரி வண்டிகள்ல சீட்டும் உண்டு, ஓரளவு பெரிய டேங்க்கும் உண்டு. போட்டி நுணுக்கமாக ஆக ரெண்டும் சுருங்கிடுச்சு. ஆக, சின்ன டேங்க் இந்த வண்டியோட குறை இல்ல. நீங்க விரும்பி வாங்கின அந்த லேசான குணத்துக்கு நீங்க கொடுக்கிற விலை அது.

மைலேஜ்னு ஒரே ஒரு நம்பர் கிடையாது

ரோடு பைக்குக்கு "லிட்டருக்கு 45 கொடுக்குது"ன்னு சொல்லிட்டுப் போயிடலாம். இங்க அது ஒத்து வராது. பாறையில ஒரே இடத்துல நின்னு பேலன்ஸ் பண்றப்ப எஞ்சின் ஓடும், கிளட்ச் பாதி பிடிச்சிருக்கும், வண்டி ஒரு அடி கூட நகர்ந்திருக்காது. பெட்ரோல் மட்டும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். அதனால கிலோமீட்டர், மணி நேரம் ரெண்டையும் சேர்த்தே குறிச்சு வைங்க.

அளக்கிற முறை ரொம்ப எளிது. டேங்க்கைக் கழுத்து வரைக்கும் நிரப்புங்க. போன்ல ஜிபிஎஸ் ஆன் பண்ணிட்டு ஒரு மணி நேரம் ஓட்டுங்க. திரும்பி வந்து, அளவுக் கோடு போட்ட ஜாடியால மறுபடியும் அதே கழுத்து வரைக்கும் ஊத்துங்க. எவ்வளவு உள்ள போச்சோ அதுதான் செலவு. இதை மூணு வகைப் பாதையில தனித்தனியா செய்யணும்: சாதாரண மண்பாதை, கல் நிறைஞ்ச ஏற்றம், சேறு.

சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது உடனே புரியும். சர்வரோட சராசரி ரெஸ்பான்ஸ் டைமை நம்பி யாரும் சிஸ்டம் டிசைன் பண்ணமாட்டோம், மோசமான நேரத்துல எவ்வளவு ஆகுதுன்னுதான் பார்ப்போம். பெட்ரோலும் அப்படித்தான். சேற்று நாளோட நம்பரை வெச்சுத் திட்டம் போடுங்க.

இன்னொரு விஷயமும் இருக்கு. 2 லிட்டர் டேங்க்னா 2 லிட்டரும் உங்களுக்குக் கிடைக்கும்னு நினைக்காதீங்க. அடியில கொஞ்சம் தங்கிடும். செங்குத்தா ஏறுறப்ப பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, குழாய் வாய்க்கு எட்டாமப் போகலாம். ஃப்யூல் கேஜும் பொதுவா இருக்காது. அதனால நான் கணக்குல 1.8 லிட்டர்தான் எடுத்துப்பேன்.

மூணுல ஒரு பங்கு விதி

போறதுக்கு ஒரு பங்கு, வர்றதுக்கு ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு. விதி இவ்வளவுதான்.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். உங்க வண்டி நல்ல பாதையில லிட்டருக்கு 20 கி.மீ. கொடுக்குதுன்னு வெச்சுக்கலாம். 1.8 லிட்டருக்கு 36 கி.மீ. வரும். அப்ப 12 கி.மீ. போனதும் திரும்பிடணும். "என்னடா, இவ்வளவு குறைவா இருக்கே"ன்னு தோணும். ஆனா திரும்பி வர்ற நேரத்துல மழை பிடிச்சு, பாதை சேறாகி, மைலேஜ் பாதியாகி 10-க்கு வந்துடுச்சுன்னா? போறப்ப 0.6 லிட்டர் செலவாச்சு, மீதி 1.2 இருக்கு. லிட்டருக்கு 10 வீதம் சரியா 12 கி.மீ. வரும். வீடு வந்து சேர்ந்துடுவீங்க. செலவு ரெண்டு மடங்கானாலும் தாங்குற மாதிரி அமைஞ்ச விதி இது.

ஏன் இவ்வளவு ஜாக்கிரதை? டிசம்பர்ல இங்க நாலு மணிக்கு முன்னாடியே சூரியன் மறைஞ்சிடும். மலை மேல சில இடங்கள்ல போன் சிக்னல் கிடையாது. நனைஞ்ச உடம்போட, இருட்டுல, 70 கிலோ வண்டியைச் சேத்துல தள்ளிக்கிட்டு வர்றது ஆபத்தான விஷயம். அந்தக் குளிர் உடம்பைச் சாய்ச்சிடும்.

வண்டியை விடுங்க, பாதையை மாத்துங்க

இதுதான் இந்த எபிசோட்லயே முக்கியமான பகுதி. நேர்கோட்டுல போய்த் திரும்புறதுக்குப் பதிலா, வேனையோ காரையோ நடுவுல நிறுத்திட்டு அதைச் சுத்திப் பூவிதழ் மாதிரி வளையம் வளையமா ஓட்டுங்க. ஒவ்வொரு வளையமும் 24 கி.மீ. ஒவ்வொண்ணும் முடிஞ்சதும் வேன்கிட்ட வந்து டேங்க்கை நிரப்பிக்கலாம். மூணு வளையம் போனா 72 கி.மீ. ஆச்சு. ஒவ்வொரு வளையத்துலயும் அந்த மூணுல ஒரு பங்கு கையிருப்பு அப்படியே இருக்கு.

இதைப் பெரிய டேங்க்கோட ஒப்பிட்டுப் பாருங்க. மோன்டேசா கம்பெனியோட கோட்டா 4 ரைடுன்னு ஒரு மாடல் இருக்கு. ட்ரயல்ஸ் வண்டியையே சீட் வெச்சு, 4.4 லிட்டர் டேங்க் வெச்சு, ட்ரெயிலுக்காகச் செஞ்சது. அதுல 4.2 லிட்டர் பயன்படுதுன்னு வெச்சா, அதே 20 கி.மீ. கணக்குல மொத்தம் 84. மூணுல ஒரு பங்கைக் கையிருப்பா ஒதுக்கினா ஒரே மூச்சுல 56 கி.மீ. சின்ன டேங்க்கோட மூணு வளையம் போனவர் அதைத் தாண்டிட்டார், அதுவும் ஒரு நட்டைக்கூடக் கழட்டாம.

போட்டி உலகத்துல இது பழைய வழிதான். ஸ்காட்லாந்துல ஃபோர்ட் வில்லியம் ஊரைச் சுத்தி ஒவ்வொரு மே மாசமும் ஆறு நாள் ட்ரயல்ஸ் போட்டி நடக்குது. தினமும் நீண்ட தூரம், நடுவுல சதுப்பும் மலையும். அங்கயும் பெட்ரோல் நிரப்புற இடங்கள் பாதையிலேயே உண்டு. எரிபொருளை வண்டி மேல ஏத்துறதை விட, வண்டி வர்ற இடத்துல அதை வைக்கிறது சுலபம். நம்ம பாஷையில சொன்னா, கேஷ்!

செலவைக் குறைக்கிற சின்ன வழிகள்

ஒண்ணு, டயர் காற்று. போட்டியில பின் டயர்ல 4, 5 பி.எஸ்.ஐ. மாதிரி ரொம்பக் குறைவா வெச்சிருப்பாங்க. பாறையில பிடிமானத்துக்கு அது அருமை, ஆனா நீண்ட பாதையில டயர் இழுக்கும். கொஞ்சம் கூட்டுங்க. ரிம்முக்கும் அது நல்லது.

ரெண்டு, ஸ்ப்ராக்கெட். முன்பக்கம் 11 பல் இருந்தா 12 போடலாம். அதே வேகத்துல எஞ்சின் சுத்துறது சுமார் 8 சதவீதம் குறையும். ஆனா பாறையில ஊர்ந்து ஏறுற அந்த மெதுவும் கொஞ்சம் போயிடும். செயினுக்கு இடம் இருக்கான்னும் பார்த்துக்கோங்க.

மூணு, நின்னு பேசுறப்ப எஞ்சினை ஆஃப் பண்ணுங்க. காசு செலவில்லாத வழி இதுதான்.

ஒண்ணு மட்டும் செய்யாதீங்க: மைலேஜுக்காகக் கார்புரேட்டர்ல பெட்ரோல் கலவையைக் குறைக்கிறது. டூ ஸ்ட்ரோக்ல பெட்ரோலோட சேர்ந்துதான் ஆயிலும் போகுது. பெட்ரோலைக் குறைச்சா குளிர்ச்சியும் குறையும், ஆயிலும் குறையும். பிஸ்டன் பிடிச்சுக்கும். அரை லிட்டரை மிச்சம் பண்ணப் போய் எஞ்சினை இழக்காதீங்க.

கூடுதல் பெட்ரோலை எங்க வைக்கிறது?

முதல்ல பேக்பேக் ஏன் கூடாதுன்னு சொல்றேன். ட்ரயல்ஸ் வண்டியில விழுறது சகஜம். முதுகுல பாட்டிலோட பாறை மேல விழுந்தா முதல் அடி முதுகெலும்புக்கு. மூடி கசிஞ்சா பெட்ரோல் துணியில ஊறித் தோலைப் புண்ணாக்கும். அந்தத் துணியோட சூடான எஞ்சின் பக்கத்துல நிக்கிறீங்க. பெட்ரோல் ஆவி பனிக்குளிர்லயும் தீப்பிடிக்கும், காத்தை விடக் கனமா இருக்கிறதால கீழேயே தங்கும். எடையும் தப்பான இடத்துல, ரொம்ப உயரத்துல இருக்கு.

பின் மட்கார்டும் வேண்டாம். அது சும்மா மெல்லிய பிளாஸ்டிக். பெரும்பாலான மாடல்கள்ல சைலன்ஸரும் அதுக்குக் கீழேயேதான் இருக்கும்.

மிச்சம் இருக்கிறது ஹேண்டில்பாருக்கு முன்னாடி, நம்பர் பலகை இருக்கிற பகுதி. அங்க அரை லிட்டர் உலோக பாட்டில் ஒண்ணை ரெண்டு பட்டையால இறுக்கிக் கட்டலாம். பெட்ரோலுக்குன்னே செஞ்ச பாட்டிலா இருக்கணும், தண்ணி பாட்டில் கூடாது. கட்டினதும் ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசாத் திருப்பிப் பாருங்க. முன் சஸ்பென்ஷனை முழுசா அமுக்கிப் பாருங்க. எதுலயும் இடிக்கக் கூடாது, எந்த ஒயரையும் உரசக் கூடாது. பாட்டிலை விளிம்பு வரை நிரப்பாதீங்க, சூட்டுல பெட்ரோல் விரியும், இடம் வேணும். நிரப்புறப்ப பாட்டிலைத் தரையில வெச்சு நிரப்புங்க, நிலை மின்சாரப் பொறி வராம இருக்க. டேங்க்ல ஊத்துறப்ப எஞ்சினை ஆஃப் பண்ணிச் சூடு ஆறவிட்டு ஊத்துங்க.

அந்த அரை லிட்டர் என்ன தரும்? நம்ம உதாரணத்துல நல்ல பாதையில 10 கி.மீ., சேத்துல 5. இதைத் தூரம் கூட்டுறதுக்குன்னு கணக்குல சேர்க்காதீங்க. சேர்த்துட்டா அது கையிருப்பு இல்ல.

டூ ஸ்ட்ரோக் வெச்சிருக்கிறவங்களுக்கு இன்னொண்ணு. வழியில பங்க் கிடைச்சாலும் வெறும் பெட்ரோலை ஊத்த முடியாது. மேனுவல்ல 80-க்கு 1 போட்டிருந்தா லிட்டருக்கு 12.5 மி.லி. ஆயில், 50-க்கு 1 போட்டிருந்தா 20 மி.லி. அந்த அளவை முன்கூட்டியே சின்னச் சின்ன டப்பாவுல எடுத்து வைங்க. எடை ஒண்ணுமே இல்ல, ஆனா ஒவ்வொரு பங்க்கும் உங்களுக்கான பங்க்கா மாறிடும்.

அப்ப பெரிய டேங்க் யாருக்கு?

ஒரு ஊர்ல ஆரம்பிச்சு இன்னொரு ஊர்ல முடிக்கிறவங்களுக்கு. வேன் இல்லாதவங்களுக்கு. வளையம் போட வழியில்லாத நீண்ட பாதைக்கு. அவங்க பழைய வண்டியில எதையாவது ஒட்டவைக்கிறதை விட, சீட்டும் டேங்க்கும் சேர்ந்து வர்ற மாடலையோ, அந்த மாடலுக்குன்னே செஞ்ச கிட்டையோ வாங்குறது நல்லது. முக்கியமா இன்ஜெக்‌ஷன் வண்டியில குழாயை வெட்டி இன்னொரு டேங்க்கை இணைக்காதீங்க. அந்த லைன்ல அழுத்தம் இருக்கு, கசிஞ்சா பீச்சி அடிக்கும்.

கடைசியா ஒண்ணு. வண்டி சட்டப்படி பதிவாகி இன்ஷூரன்ஸோட இருக்கணும். இங்க நடைபாதையிலயும் குதிரைப்பாதையிலயும் மோட்டார் வண்டிக்கு உரிமை இல்ல. வளையத்தை வரையறப்பவே மேப்ல அதையும் பார்த்துடுங்க.

தம்பி, இந்த சனிக்கிழமை எதையும் வாங்காதீங்க. ஒரு அளவு ஜாடி, ஒரு நோட்டு, ஒரு மணி நேரம் போதும். மூணு பாதைக்கும் நம்பர் வந்ததும் எனக்கு அனுப்புங்க, சேர்ந்து வளையம் போடுவோம். மத்தவங்களும் உங்க வண்டி, உங்க பாதை, உங்க நம்பரை அனுப்பலாம்.