மாட்டுப் பண்ணையில் நடக்கும் ஒரு கலாசாலை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், கலிபோர்னியா மாகாணத்தின் கிழக்கு ஓரமாக, நெவாடா மாகாணத்து எல்லைக்கு அண்மையில், டீப் ஸ்பிரிங்ஸ் என்னும் பள்ளத்தாக்கு ஒன்று உளது. அது கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 5,200 அடி உயரத்தில், மலைகளால் சூழப்பட்டு, மழை மிகக் குறைந்த வறண்ட பூமியாக இருக்கிறது. கடை கண்ணி உள்ள பிஷப் என்னும் பட்டணத்திற்குப் போய்ச் சேர மோட்டாரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும். இப்பள்ளத்தாக்கிலுள்ள மாட்டுப் பண்ணை ஒன்றில், 1917-ஆம் வருஷம் முதல் ஒரு கலாசாலை நடந்து வருகிறது. ஒரு சமயத்தில் 25 முதல் 30 வரையுள்ள மாணாக்கர்களே அங்குத் தங்கி இரண்டு வருஷம் வாசிக்கின்றனர். பண்ணை வேலையும் நிர்வாகப் பொறுப்பும் அங்கே பாடத்தோடு பாடமாகவே எண்ணப்படுகின்றன.

இதை ஸ்தாபித்தவர் லூசியன் லூசியஸ் நன் என்பவர். இவர் 1853-ஆம் வருஷம் ஒஹையோ மாகாணத்தில் பிறந்தவர். சட்டம் பயின்று, கொலராடோ மலைப் பிரதேசத்தில் டெல்லுரைடு என்னும் சுரங்க ஊரில் குடியேறினார். அங்குச் சுரங்க யந்திரங்களை ஓட்டுவதற்கு வேண்டிய விறகும் நிலக்கரியும் மலைமேல் ஏற்றுவதற்கே பெரும் பணம் செலவாயிற்று. ஆகவே நன், மலையருவியின் வேகத்தால் மின்சாரம் உண்டாக்கி, அதைக் கம்பி வழியாகச் சில மைல் தூரத்திலுள்ள சுரங்கத்திற்கு அனுப்ப முயன்றார். 1891-ஆம் வருஷம் ஏம்ஸ் என்னுமிடத்தில் அம்முயற்சி பலித்தது. மாறுமின்சாரத்தைத் தூரத்திற்குக் கொண்டுபோய்த் தொழிலுக்குப் பயன்படுத்திய முதல் முயற்சிகளுள் அதுவும் ஒன்று.

யந்திரம் கிடைத்தது, அதை நடத்தத் தெரிந்த ஆட்கள் கிடைக்கவில்லை. எனவே நன் வாலிபர்களைச் சேர்த்துப் பகலில் வேலையும் ஒழிந்த வேளையில் படிப்புமாகத் தாமே பழக்கத் தொடங்கினார். நாளடைவில் அவருக்கு மின்சாரத்தைக் காட்டிலும் இந்தப் பழக்கமே பெரிதாகத் தோன்றிற்று. 1911-ஆம் வருஷம் டெல்லுரைடு சங்கம் என்னும் கல்விச் சங்கத்தை ஏற்படுத்தினார். பின்னர் 1917-ல் டீப் ஸ்பிரிங்ஸ் பண்ணையை வாங்கிக் கலாசாலையை ஆரம்பித்தார். பட்டணத்துச் சந்தடியும் கேளிக்கையும் எட்டாத இடமே வேண்டுமென்று அவர் தேடிப் பிடித்ததாகும் அது. 1925-ல் அவர் காலமானார்.

மாணாக்கர் ஒவ்வொருவரும் வாரத்திற்கு 20 மணி நேரமாவது உழைக்க வேண்டும். கறவை மாடுகள் பொழுது விடியுமுன்பும் மாலையிலும் காத்திருக்கும். அன்று பரீட்சையா, பனியா என்று அவை கேட்பதில்லை. குதிரை மசால் பயிரிட்ட வயல்களுக்கு நீர் பாய்ச்சுவதும், அறுத்து உலர்த்திக் கட்டுவதும், தோட்டம் போடுவதும், சமையற்கூடத்தில் பாத்திரம் துலக்குவதும், வேலி கட்டுவதும், புத்தகசாலையைப் பராமரிப்பதும் மாணாக்கர் வேலைகளே. கோடைகாலத்தில் மந்தையை மேய்ச்சலுக்காக மலைமேல் ஓட்டிச் சென்று, அங்கேயே தங்கிக் காவல் காப்பதும் உண்டு. பயிர்களுக்கு வேண்டிய நீர் வைமன் ஓடையிலிருந்து வருகிறது. அதே ஓடையைக் கொண்டு மின்சாரமும் உண்டாக்குகின்றனர். பண்ணை மானேஜர் முதலிய அனுபவஸ்தர் சிலர் சம்பளத்திற்கு அமர்ந்து வேலையைக் கற்றுக் கொடுக்கின்றனர். எனினும் எவருக்கு எந்த வேலை என்று பகிர்ந்து கொடுப்பவர், மாணாக்கர்கள் தங்களுக்குள்ளே தேர்ந்தெடுக்கும் வேலை விசாரணைக்காரரே. தோழனுக்கு இலகுவான வேலையும் வேண்டாதவனுக்குப் பாத்திரம் துலக்கும் வேலையும் கொடுத்தால், மறு தேர்தலில் என்ன நேரும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

மாணாக்கர் அனைவரும் சேர்ந்தது ஒரு பொதுச் சபை. அது வாரந்தோறும் கூடும். கூட்டம் நள்ளிரவு வரை நீள்வதும் உண்டு. மதுபானமும் போதைப் பொருளும் கூடாது என்பதும், படிப்புக் காலத்தில் தக்க காரணமின்றிப் பள்ளத்தாக்கை விட்டு வெளியேறலாகாது என்பதும் பழைய விதிகள். இவற்றைக் காப்பாற்றுவது மாணாக்கர் சபையின் பொறுப்பேயாகும். வேவு பார்க்கும் உத்தியோகஸ்தர் எவரும் அங்கு இல்லை. சபையின் கமிட்டிகளுள் ஒன்று, புதிதாகச் சேர விரும்புவோரின் மனுக்களை வாசித்து, அவர்களிற் சிலரைப் பண்ணைக்கு வரவழைத்துச் சில நாள் உடன் வைத்திருந்து பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது. மற்றொன்று உபாத்தியாயர்களை நியமிப்பதிலும் பாடங்களை வகுப்பதிலும் கலந்துகொள்கிறது. முதல் வருஷம் முடித்தவர் இரண்டாம் வருஷம் திரும்பி வரலாமா என்பதை ஆராயும் கமிட்டியும் ஒன்று உண்டு. இக்கடைசிக் கமிட்டியின் வேலையே கடினமானது. ஒரே மேஜையில் உண்டு, ஒரே கொட்டிலில் சாணம் வாரிய தோழனைப் பற்றி, அவன் எதிரிலேயே குறையை எடுத்துச் சொல்ல வேண்டும். தவணை தவறிய உறவினரின் பெயரைக் கூட்டத்தில் வாசிக்க நேர்ந்த பஞ்சாயத்தாருக்கு இதன் பாரம் விளங்கும்.

சபையில் எழுந்து பேசத் தெரியாதவனுக்கு வாக்குரிமை இருந்தும் பயன் குறைவு என்று கருதியே போலும், அங்கே கட்டாயப் பாடங்கள் மிகச் சிலவாக இருக்க, அவற்றுள் எழுத்துப் பயிற்சியோடு மேடைப் பேச்சும் ஒன்றாக வைக்கப்பட்டிருக்கிறது.

வரவு செலவு விஷயத்தில் ஒன்றை மறைக்காமற் சொல்ல வேண்டும். மாணாக்கரிடம் படிப்புச் சம்பளம் வாங்குவதில்லை. உணவும் இருப்பிடமும் இனாம். இதைக் கேட்டுப் பண்ணை வருமானத்திலேயே கலாசாலை நடக்கிறதென்று எண்ணலாகாது. மாடு விற்ற பணமும் தீவனம் விற்ற பணமும் செலவில் ஒரு பங்கையே ஈடு செய்யும். பெரும் பாகம் மூலதனத்தின் வருமானத்தாலும், பழைய மாணாக்கர் முதலியோர் அளிக்கும் நன்கொடையாலும் வருகிறது. ஆகையால் லாபத்திற்கு நடக்கும் பண்ணை என்ற வகையில் பிறர் இதைப் பின்பற்ற முயல்வது வீண். அங்கே விளைவது பெரும்பாலும் ஆட்களே.

நன் 1923-ஆம் வருஷம் எழுதிவைத்த டிரஸ்டுப் பத்திரம், சொத்தைத் தர்மகர்த்தர்கள் வசம் ஒப்புவித்து, அதன் பயனை மாணாக்கர் சபைக்கு உரியதாக்கிற்று. மாணாக்கரின் பிரதிநிதிகள் தர்மகர்த்தர் சபையிலும் அமர்ந்து வாக்களிக்கின்றனர். ஆனால் அதே பத்திரத்தில், வாலிபர்களின் கல்விக்காக என்று பொருள்படும் ஒரு சொல் அமைந்துவிட்டது. அதனால் சுமார் நூறு வருஷம் ஆண்மக்களே அங்கு வாசித்தனர். பெண்களையும் சேர்க்க வேண்டுமென்ற வாதம் பல தலைமுறை மாணாக்கரிடையே எழுந்து அடங்கி, மறுபடியும் எழுந்தது. 2011-ஆம் வருஷம் தர்மகர்த்தர்கள் பெரும்பான்மை வாக்கால் அதை ஒப்புக்கொண்டனர். அவர்களுள் இருவர், ஸ்தாபகர் எழுதிய சொல்லை மாற்ற எவருக்கும் அதிகாரமில்லையென்று வழக்காடினர்.

வழக்கு ஆறு வருஷத்துக்கு இழுத்தது. பத்திரத்தின் சொல் ஆண்மக்களையே குறிக்கும் என்பதும் ஒரு கட்டத்தில் தீர்ப்பாயிற்று. அப்பால் கேள்வி வேறு உருக்கொண்டது: காலம் மாறிய நிலையில், அச்சொல்லைப் பற்றி நின்றால் ஸ்தாபகரின் மூல நோக்கமே குன்றுமாயின், கோர்ட்டார் பத்திரத்தைத் திருத்தலாமா? திருத்தலாம் என்று கீழ்க் கோர்ட்டு சொல்ல, 2017-ல் அப்பீல் கோர்ட்டும் அதை ஊர்ஜிதம் செய்தது. அம்மாகாண உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்துவிட்டது. எதிர்த்த இருவரைப் பிடிவாதக்காரர் என்று தள்ளுவது நியாயமன்று. எழுதியதைக் காப்பது தர்மகர்த்தரின் கடமைகளுள் ஒன்றே. உபவிதி எழுத உட்காரும் சங்கத்தார், அதைத் திருத்தும் முறையையும் அப்போதே தெளிவாக எழுதிவைத்தால் இத்தகைய செலவும் மனஸ்தாபமும் பெரும்பாலும் மிச்சமாகும்.

2018-ஆம் வருஷம் முதன்முதலாகப் பெண் மாணாக்கர்கள் பள்ளத்தாக்கிற்கு வந்து சேர்ந்தனர். விடியற்காலைக் கறவை, மந்தையோடு மலையேற்றம், பாத்திரம் துலக்குதல், கமிட்டி வேலை ஆகிய எல்லாவற்றிலும் அவர்களுக்கும் பங்கு கொடுக்கப்பட்டது.