ரொட்ரிகோ பெஸோவா: குதிரை லாயத்தில் வளர்ந்தவர் பயிற்றுநரான கதை

2000ஆம் ஆண்டு அக்டோபர் முதலாம் தேதி, சிட்னி ஒலிம்பிக் போட்டிகளின் இறுதி நாள். பிரேசில் அதுவரை ஒரு தங்கப் பதக்கத்தைக்கூட வென்றிருக்கவில்லை. அந்நாட்டு மக்கள் எஞ்சிய நம்பிக்கையை ரொட்ரிகோ பெஸோவா என்ற 27 வயது குதிரையேற்ற வீரர் மீதும், பலூபே டு ரூவே என்ற செந்நிறக் குதிரை மீதும் வைத்திருந்தார்கள். அவர் அப்போதைய உலக சாம்பியன். அவரும் அந்தக் குதிரையும் 1998, 1999, 2000 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து உலகக் கோப்பையை வென்றிருந்தனர்.

ஆனால் அன்று குதிரை தாண்ட மறுத்துவிட்டது. தடையின் முன் வந்து நின்றது. மூன்று முறை மறுத்ததால், அன்றைய விதிகளின்படி இருவரும் போட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டனர். பிரேசில் அந்த ஒலிம்பிக்கில் தங்கம் ஏதுமின்றியே நாடு திரும்பியது.

தடை தாண்டும் குதிரையேற்றப் போட்டி என்பது வசதி படைத்தவர்களின் விளையாட்டு என்றும், அதில் குடும்பப் பின்னணியே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றும் பரவலாகக் கூறப்படுவதுண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் குடும்பம் எதைத் தருகிறது, எதைத் தர முடியாது என்பதை அறிய பெஸோவா குடும்பத்தின் வரலாற்றைப் பார்ப்பது பயனுள்ளது.

முன்னரே காட்டப்படாத தடைகள்

முதலில் போட்டி முறையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். மைதானத்தில் பன்னிரண்டு அல்லது அதற்குச் சற்று அதிகமான தடைகள் அமைக்கப்படும். உயர்நிலைப் போட்டிகளில் அவற்றின் உயரம் 1.60 மீட்டரை எட்டும். ஒரு கம்பு விழுந்தால் நான்கு பிழைப்புள்ளிகள். குறித்த நேரத்தைக் கடந்தாலும் பிழைப்புள்ளி உண்டு. இன்றைய விதிகளின்படி, குதிரை இரண்டாவது முறை மறுத்தாலே வெளியேற்றம்தான். ஆண்களும் பெண்களும் ஒரே போட்டியில் சமமாகக் களமிறங்குவது இந்த விளையாட்டின் மற்றொரு சிறப்பு.

போட்டிக்கு முன்னர் வீரர்கள் மைதானத்தில் நடந்து சென்று தடைகளுக்கு இடையிலான தூரத்தைக் காலடிகளால் அளப்பார்கள். பாய்ந்தோடும் குதிரையின் ஓர் எட்டு ஏறத்தாழ 3.6 மீட்டர். இரு தடைகளுக்கு இடையே ஐந்து எட்டா, ஆறு எட்டா என்பதை வீரர் அப்போதே மனதில் முடிவு செய்துகொள்ள வேண்டும். குதிரைக்கு இந்த ஒத்திகை கிடையாது. அது மணி ஒலித்த பின்னர்தான் அந்தத் தடைகளை முதன்முதலாக எதிர்கொள்கிறது. போதாக்குறைக்கு, கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால், முகத்துக்கு நேர் முன்னே குதிரையின் பார்வைக்கு எட்டாத பகுதி ஒன்றும் உண்டு. எனவே கடைசிக் கணத்தில் அது மேலே இருப்பவரை நம்பியே தாண்டுகிறது எனலாம். நம்பாவிட்டால் நின்றுவிடும். சுமார் 600 கிலோ எடையுள்ள விலங்கை எவராலும் தூக்கித் தடைக்கு அப்பால் வைத்துவிட முடியாது.

இத்தகைய நம்பிக்கையைப் புத்தகத்தில் படித்துக் கற்க இயலாது. நாதசுரக் குடும்பங்களில் பிள்ளைகள் பாடம் தொடங்கும் முன்னரே காதால் கேட்டு ராகங்களை அறிந்துகொள்வதைப் போல, லாயத்தில் வளரும் பிள்ளைகள் குதிரையின் காதசைவையும் மூச்சையும் படிக்கப் பழகிவிடுகிறார்கள். ரொட்ரிகோவுக்கு வாய்த்ததும் அதுவே.

தந்தையின் பாதை

அவரது தந்தை நெல்சன் பெஸோவா 1935ஆம் ஆண்டு ரியோ டி ஜெனிரோவில் பிறந்தவர். இருபது வயதில் தனது முதல் ஒலிம்பிக்கில் பங்கேற்றார். 1956ஆம் ஆண்டுப் போட்டிகள் மெல்பர்னில் நடந்தபோதிலும், வெளிநாட்டுக் குதிரைகள் தொடர்பில் ஆஸ்திரேலியாவின் கடுமையான நோய்த்தடுப்புச் சட்டங்கள் காரணமாகக் குதிரையேற்றம் மட்டும் ஸ்டாக்ஹோமில் நடத்தப்பட்டது. பின்னர் 1961இல் அவர் ஐரோப்பாவுக்கே குடிபெயர்ந்தார். பெரிய போட்டிகளும், நல்ல குதிரைகளும், அவற்றை வாங்குவோரும் அங்கேதான் இருந்தனர். கடினமான தடைகளுக்குப் பெயர்பெற்ற ஹாம்பர்க் டெர்பி போட்டியை அவர் ஏழு முறை வென்றார். முதல் வெற்றி 1962இல், கடைசி வெற்றி 1994இல்.

ரொட்ரிகோ 1972ஆம் ஆண்டு பாரிசில் பிறந்தார். 1992ஆம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் 56 வயதான தந்தையும் 19 வயதான மகனும் ஒரே நாட்டுக்காகக் களமிறங்கினார்கள். வேறு எத்தனை விளையாட்டுகளில் இது சாத்தியம் என்று தெரியவில்லை.

பலூபே குதிரையில் முதலில் போட்டிகளில் ஏறியவரும் தந்தைதான். அதன் பின்னரே அது மகனின் கைக்கு வந்தது. ஆனாலும் அது அவர்களுடைய சொத்து அல்ல. போர்த்துகல்லைச் சேர்ந்த ஒருவருக்குச் சொந்தமானது. இந்தத் துறையில் இது வழமையான ஏற்பாடு. முதல்தரக் குதிரைகளின் விலை பெரும்பாலான வீரர்களுக்கு எட்டாதது. உரிமையாளர் விற்றுவிட முடிவு செய்தால், பல ஆண்டுக் கால உழைப்பு ஒரே நாளில் வேறு ஒருவரின் லாயத்துக்குப் போய்விடும். அறிமுகமான குடும்பப் பெயர் இருந்தால் உரிமையாளர்கள் குதிரைகளை நம்பி ஒப்படைப்பார்கள். குடும்பப் பின்னணியின் மிகப் பெரிய பயன் இதுவே என்று சொல்லத் தோன்றுகிறது.

அப்படியானால் வென்றது குதிரையா, மனிதரா? 1998ஆம் ஆண்டு ரோம் நகரில் நடந்த உலக சாம்பியன் போட்டியில் இக்கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தது. அக்காலத்தில் இறுதிச் சுற்றுக்கு வரும் நால்வரும் தத்தமது குதிரையில் மட்டுமன்றி, மற்ற மூவரின் குதிரைகளிலும் ஏறித் தாண்டியாக வேண்டும். அறிமுகமற்ற குதிரையோடு பழக சில நிமிடங்களே தரப்படும். அந்தச் சோதனையில் ரொட்ரிகோ வென்றார். குதிரைகளுக்குச் சுமை அதிகம் என்ற விமர்சனங்களும் எழுந்த அந்த முறை, 2014ஆம் ஆண்டுக்குப் பின்னர் கைவிடப்பட்டது.

தாமதமாக வந்த தங்கம்

சிட்னித் தோல்விக்குப் பின்னரும் அவர் பலூபேயைக் கைவிடவில்லை. நான்கு ஆண்டுகளின் பின்னர் ஏதென்சில் அதே குதிரையுடன் வெள்ளி வென்றார். தங்கம் அயர்லாந்தின் கியன் ஓ'கானருக்குச் சென்றது. ஆனால் ஓ'கானரின் குதிரையில் தடை செய்யப்பட்ட மருந்துகள் இருந்தது பரிசோதனையில் தெரியவந்தது. அவர் வேண்டுமென்றே குதிரையின் திறனை மாற்ற முயலவில்லை என்று விசாரணைக் குழு ஏற்றுக்கொண்டது. ஆயினும் பதக்கம் பறிக்கப்பட்டது. 2005இல் அந்தத் தங்கம் ரொட்ரிகோவுக்கு வழங்கப்பட்டது.

மூன்றாண்டுகளில் நிலைமை தலைகீழானது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ரொட்ரிகோவின் ரூஃபஸ் என்ற குதிரையிடம் நோனிவமைடு என்ற பொருள் கண்டறியப்பட்டது. மிளகாயின் காரத்துக்கு நெருங்கிய உறவுடைய வேதிப்பொருள் இது. வலியைத் தணிக்கவும் பயன்படக்கூடும், கால்களின் தோலில் எரிச்சல் உண்டாக்கி, கம்பில் படாமல் உயரமாகத் தாண்டச் செய்யவும் பயன்படக்கூடும். அவரது ஐந்தாம் இடம் ரத்துசெய்யப்பட்டு, நான்கரை மாத காலத் தடையும் விதிக்கப்பட்டது. வாய் பேசாத விலங்கின் உடலில் என்ன இருக்கிறது என்பதற்கு ஏறுபவரே பொறுப்பு என்பதுதான் இந்த விளையாட்டின் விதி. அது கடுமையானது என்றாலும், குதிரையின் சார்பில் பொறுப்பேற்க வேறு யாரும் இல்லை.

2016இல் தந்தை பிறந்த ரியோ நகரிலேயே ஒலிம்பிக் நடந்தது. தேர்வாளர்கள் ரொட்ரிகோவை மாற்று வீரராக மட்டுமே அறிவித்தார்கள். அவர் அந்த இடத்தை ஏற்க மறுத்துவிட்டார்.

மறு ஆண்டு அவர் அயர்லாந்து அணியின் மேலாளராகப் பொறுப்பேற்றார். வீரர்களைத் தேர்ந்தெடுப்பவரின் நாற்காலியில் இப்போது அவரே அமர்ந்திருந்தார். அவர் பொறுப்பேற்ற ஆண்டிலேயே கோத்தன்பர்க்கில் அயர்லாந்து ஐரோப்பிய அணிப் பட்டத்தை வென்றது. 2001க்குப் பின்னர் அந்நாட்டுக்குக் கிடைத்த முதலாவது ஐரோப்பியத் தங்கம் அது. வென்ற நால்வரில் ஒருவர் கியன் ஓ'கானர். ஏதென்ஸ் தங்கத்தை இழந்தவருக்கு, அதைப் பெற்றுக்கொண்டவரே வழிகாட்டியாக நின்றார்.

பயிற்றுநரின் நிலை வீரரின் நிலையைவிடச் சிக்கலானது. தேசிய அணியில் இருப்பவர்கள் ஏற்கனவே வளர்ந்த வீரர்கள். தனக்குத் தந்தையிடமிருந்து இருபது ஆண்டுகளில் சேர்ந்ததை, அவர்களுக்குப் போட்டிக்கு முந்தைய சில நாட்களில் எவராலும் ஊட்டிவிட முடியாது. எந்தக் குதிரை களைத்திருக்கிறது, யாரை முதலில் அனுப்புவது, யாரைக் கடைசி வரை காத்திருக்க வைப்பது என்பன போன்ற முடிவுகளே அவர் கையில் இருப்பவை. 2019இல் பார்சிலோனாவில் நாடுகளுக்கான கோப்பையின் இறுதிப் போட்டியை வென்றதன் மூலம், அயர்லாந்து 2004க்குப் பின்னர் முதன்முறையாக ஒலிம்பிக்கில் ஓர் அணியாகப் பங்கேற்கும் தகுதியைப் பெற்றது.

கொரோனா காரணமாக 2021இல் நடந்த அந்த டோக்கியோ ஒலிம்பிக்கின்போது ரொட்ரிகோ அயர்லாந்துடன் இல்லை. அவர் மீண்டும் சேணத்தில் ஏறி, பிரேசிலுக்காக, தான் தகுதி பெறச் செய்த அணிக்கு எதிராகவே போட்டியிட்டார். 2024இல், தான் பிறந்த பாரிசில், 51 வயதில் தனது எட்டாவது ஒலிம்பிக்கில் களமிறங்கினார். பார்சிலோனாவில் அவரோடு களமிறங்கிய தந்தையைவிட அப்போது அவருக்கு ஐந்து வயது குறைவு.