ரெப்ளிக்கா ஸ்போர்ட்ஸ் காரில் எரிபொருள் பம்ப்பும் தொட்டியும்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் உருவத்தை ஒத்து, புதிய சட்டகத்தின் மேல் கண்ணாடியிழை உடலைப் பொருத்திச் செய்யப்படும் கார் ரெப்ளிக்கா எனப்படுகிறது. 1962இல் வெளிவந்த ஏசி கோப்ரா, உலகில் மிகுதியாகப் பிரதி செய்யப்பட்ட கார்களுள் ஒன்று. மூலக் காரில் ஃபோர்டு வி8 எஞ்சினும் கார்புரேட்டரும் இருந்தன. பிரித்தானியாவில் ஆர்வலர்கள் வீட்டுக் கொட்டகையில் கட்டிய கோப்ராக்கள் பலவற்றில் ரோவர் வி8 எஞ்சின் இடம்பெற்றது. அதன் பிந்தைய வடிவங்கள் மின்னணு எரிபொருள் உட்செலுத்தல் முறையில் இயங்குபவை. எஞ்சின் மாறும்போது பெட்ரோல் ஊட்டும் ஏற்பாடும் மாற வேண்டும்.

கார்புரேட்டருக்கு 0.2 முதல் 0.4 பார் அழுத்தம் போதும். உட்செலுத்தலுக்கு ஏறத்தாழ 3 பார் தேவை. 30 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிறைந்த குழாயின் அடியில் இருக்கும் அழுத்தம் அது. வலுவான மின் பம்ப் ஒன்றை வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது என்று தோன்றும். உண்மையில் அழுத்தத்தைவிடப் பெரிய சிக்கல் காற்று.

கார்புரேட்டரில் மிதவை அறை என்றொரு சிறு கிண்ணம் உண்டு. குழாயில் ஓரிரு வினாடி காற்று வந்தாலும் கிண்ணத்துப் பெட்ரோல் ஈடுகொடுத்துவிடும். உட்செலுத்தலில் அந்தக் கையிருப்பு கிடையாது. பம்ப் காற்றை விழுங்கியதும் அழுத்தம் விழுகிறது, கலவையில் பெட்ரோல் குறைகிறது. எஞ்சின் முழு விசையில் ஓடும்போது இப்படி நேர்ந்தால் பிஸ்டன் உருகித் துளைபடவும் கூடும்.

தொட்டிக்குள் காற்று எப்படி வழிபிடிக்கிறது? திருப்பத்தில் தண்ணீர் லாரி ததும்புவதைப் பார்த்திருப்பீர்கள். திருப்பத்தின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி என்றால் பெட்ரோலின் மேற்பரப்பு 27 பாகை சாயும். இரண்டும் சமம் என்றால் 45 பாகை. தொட்டி கால்பாகம் மட்டும் நிறைந்திருந்தால், உறிஞ்சும் குழாயின் வாய் வெறுமையில் நிற்கும். தொட்டி நிறைந்தபோது நன்றாக ஓடும் கார், பெட்ரோல் குறைந்ததும் ரவுண்டானாவில் மட்டும் திக்குவதற்கு இதுவே காரணம். எஞ்சினைக் குடைந்து பயனில்லை.

தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் வைத்தால் ததும்பல் குறையும். முழுத் தீர்வு, ஸ்வர்ல் பாட் எனப்படும் உயரமான சிறு உருளைக் கலம். ஒன்றிரண்டு லிட்டர் கொள்ளளவு போதும். குறைந்த அழுத்தப் பம்ப் ஒன்று தொட்டியிலிருந்து பெட்ரோலை எடுத்து இக்கலத்தை நிரப்புகிறது. உயர் அழுத்தப் பம்ப் கலத்தின் அடியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. எஞ்சின் பயன்படுத்தாத பெட்ரோல் கலத்துக்கே திரும்புகிறது. காற்றுக் குமிழிகளும் மிகுதிப் பெட்ரோலும் கலத்தின் உச்சிக் குழாய் வழியே தொட்டிக்குச் செல்கின்றன. திரும்பும் குழாயை நேராகத் தொட்டிக்கு விடுபவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் கலத்தின் இருப்பு விரைவில் வடிந்துவிடும். எஞ்சின் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் குடித்தாலும், சரியாக இணைத்த ஒரு லிட்டர் கலம் ஒரு நிமிடம் தாங்கும். எந்தத் திருப்பமும் அவ்வளவு நீளாது.

உயர் அழுத்தப் பம்ப் தள்ளுவதில் வல்லது, உறிஞ்சுவதில் அப்படியல்ல. ஆகவே அதைக் கலத்தின் அடிமட்டத்துக்குக் கீழே, புகைபோக்கிக் குழாயின் சூடு படாத இடத்தில் பொருத்த வேண்டும். பம்ப்புக்கு முன் பெருந்துளை வடிகட்டி, பின் நுண்வடிகட்டி. இந்த வரிசை மாறினால் பம்ப் பட்டினி கிடக்கும். புதிய தொட்டி செய்விப்பவர் தடுப்பறையோடு பம்ப்பைத் தொட்டிக்குள்ளேயே வைப்பது மேல் என்பது என் கருத்து. சத்தம் குறையும், பெட்ரோலே பம்ப்பைக் குளிர்விக்கும்.

இனி நெருப்பு. 3 பார் அழுத்தத்தில் சிறு கசிவும் பீய்ச்சும். கண்ணாடியிழை உடல் எளிதில் பற்றும். கார்புரேட்டர் காலத்து ரப்பர்க் குழாய் இங்கு உதவாது. உட்செலுத்தலுக்கென விற்கும் குழாயும் பட்டைகளும் வேண்டும். எஞ்சின் சுழலாவிட்டால் பம்ப்பை நிறுத்தும் ரிலேயும், மோதலில் மின்சாரத்தைத் துண்டிக்கும் விசையும் கட்டாயம். கண்ணாடியிழை மின்சாரம் கடத்தாது என்பதால், பெட்ரோல் நிரப்பும்போது பொறி எழாதிருக்கத் தொட்டியையும் அதன் உலோக வாயையும் கம்பியால் சட்டகத்தோடு இணைக்க வேண்டும். பழைய தொட்டியில் புதிய குழாய்முனையை வீட்டில் பற்றவைக்கக் கூடாது. காலித் தொட்டியில் எஞ்சிய ஆவி காற்றோடு கலந்து வெடிக்கும். நிறைந்த தொட்டியைவிட அது ஆபத்தானது.