கட்டை அவிழ்த்தது ஏன்?

32-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் 25 என்று எழுதும் பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. இரண்டிலிருந்து ஏழு போகாதே என்று ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுகிறார்கள். ‘பக்கத்தில் கடன் வாங்கு’ என்ற விதியை எத்தனை முறை சொன்னாலும் இந்தத் தவறு திரும்பத் திரும்ப வரும். அதே பிள்ளையிடம், பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட மூன்று ஈர்க்குச்சிக் கட்டுகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் கொடுத்து, அதிலிருந்து 17 குச்சி கேட்டுப் பாருங்கள். உதிரி போதாது என்றதும் ஒரு கட்டை அவிழ்க்கும். இப்போது கட்டு 2, உதிரி 12. கேட்டதைக் கொடுத்த பின் ஒரு கட்டும் ஐந்து குச்சியும் மிஞ்சும். யாரிடமும் கடன் வாங்கவில்லை, இருந்த பத்தைத்தான் பிரித்தோம் என்பது கண்ணெதிரே தெரிகிறது. ஆனால் பாடம் அதோடு முடிந்துவிடாது. “ஏன்டா கட்டை அவிழ்த்தே?” என்று ஆசிரியர் கேட்க வேண்டும், பிள்ளை தன் வாயால் காரணம் சொல்லி, அதையே நோட்டில் எண்ணாக எழுத வேண்டும். அப்போதுதான் குச்சி இல்லாமலும் கணக்கு வரும். செய்முறைக் கல்வி பலிப்பதும் பலிக்காததும் இந்தக் கேள்வியைப் பொறுத்ததே என்பது என் உறுதியான எண்ணம்.

தமிழ்நாட்டுக்கு இதில் நல்ல அனுபவம் இருக்கிறது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளில் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. ஆந்திரத்தின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளில் உருவான அட்டை முறை, அதாவது பிள்ளைகள் செயல் அட்டைகளை ஒவ்வொன்றாக முடித்துக் கற்கும் முறை, அதற்கு முன்னோடி. பிள்ளைகள் குழுவாகப் பாயில் உட்கார்ந்தார்கள், அவர்களுக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது, ஆசிரியரும் அவர்களோடு தரையில் அமர்ந்தார். இது சின்ன மாற்றமல்ல. ஆனால் அடுத்தடுத்த அட்டையை முடிப்பதே குறியாகிவிட்டால், பேச்சுக்கு இடமில்லாமல் அட்டையும் இன்னொரு பாடப்புத்தகம் ஆகிவிடும்.

செய்முறைக் கல்விக்கு வலுவான மறுப்பும் உண்டு. வழிகாட்டல் குறைந்த கற்பித்தல் புதிதாகக் கற்பவருக்கு உதவாது என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகிய கல்வி ஆய்வாளர்கள் மூவர் 2006-இல் வாதிட்டார்கள். மனம் ஒரே சமயத்தில் தாங்கும் புதுச் செய்தி கொஞ்சமே என்பது அவர்கள் காட்டும் காரணம். அதை ஏற்கிறேன். பொருளைக் கொடுத்துவிட்டு ஆசிரியர் ஒதுங்கிக்கொள்ளும் வகுப்புக்கு அது சரியான கண்டனம். குச்சிப் பாடத்திலோ எந்த எண், எப்போது கேள்வி, எப்போது குச்சியை எடுத்துவிடுவது என்று எல்லாவற்றையும் ஆசிரியரே தீர்மானிக்கிறார். நேரம் போதாது என்பதும் நியாயமான கவலைதான். எல்லாப் பாடத்துக்கும் இது தேவையில்லை. வாய்ப்பாட்டை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். இடமதிப்பு, பின்னம், அளவை என்று கருத்தே இடறும் இடங்களுக்கு மட்டும் நேரம் ஒதுக்கினால் போதும்.

உண்மையில் நேரம் வீணாவது வேறு இடத்தில். ‘ப்ராஜெக்ட்’ என்று வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் தெர்மகோல் எரிமலையை இரவு பத்து மணிக்கு அப்பாவும் அம்மாவும் ஒட்டுகிறார்கள், பிள்ளை தூங்கிவிடுகிறது. மறுநாள் மதிப்பெண் வாங்கும் அந்த எரிமலையைப் பற்றிப் பிள்ளையிடம் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. பள்ளிகள் இதை நிறுத்தலாம்.