காக்க வேண்டிய கூறுகள்

ஏட்டிலே எழுதப்படுவன யாவும் ஒரு தன்மையனவல்ல; மாறத்தக்கனவும் உள, மாறலாகாதனவும் உள. இவ்விரண்டையும் பிரித்து வைத்தலே மூலத்தரவுகளை ஆளும் இக்கால மென்பொருள்களின் முதற்பணியாம். காக்கப்படுவது எனக் குறிக்கப்பட்ட கூறினை ஒருவர் திருத்த முனைந்தால், பொறுப்பானவர் சான்று கண்டு இசைந்த பின்னரே திருத்தம் ஏறும். ஏனையவற்றை எழுதுவோர் தாமே மாற்றலாம்.

நமது தேசிய அடையாள அட்டை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அவ்வாண்டிற் பிறந்த நாளின் வரிசை. 1965 பெப்ரவரி 10இற் பிறந்த ஆணுக்கு அது 1965041 எனத் தொடங்கும். பெண்ணாயின் 500 கூட்டி 1965541 ஆகும். ஆகவே பிறந்த திகதி பிழைபடின் எண்ணும் பிழைபடும். அவ்வெண்ணைக் கொண்ட வங்கிக் கணக்கு, ஓய்வூதியம் முதலியனவும் இடர்ப்படும். முகவரியோ அத்தகையதன்று. 1990இற் போரினால் இடம்பெயர்ந்த வேலணை மக்களுட் பலர் எத்தனையோ முகவரிகளில் வாழ்ந்தனர்; அவர்தம் பிறந்த திகதி மாறவில்லை.

எல்லாவற்றையும் காவலில் வைப்பின் அலுவல் தேங்கும். எதனையும் காவாதொழியின் ஏடு பொய்க்கும். பழைய மாணவர் பெயர்ப்பட்டியலைக் கணினியில் ஏற்றுவோர் இதனை நினைவிற் கொள்க. சேர்விலக்கம், சேர்ந்த நாளிற் பதிந்த பெயர், பிறந்த திகதி ஆகிய மூன்றும் சேர்விடாப்பைப் பார்த்தே திருத்தப்படுக. முகவரியையும் தொழிலையும் அவரவரே புதுப்பிக்கட்டும். கடல் கடந்து வாழும் ஒருவர் தம் கல்விச் சான்றைக் கேட்டு எழுதும் நாளில், ஐயமின்றி விடை தரவல்லது அத்தகைய ஏடே.