காங்கேசன்துறைக் கோச்சி: திரும்பும் பெட்டியில் எதை ஏற்றுவது?

பிக்கரிங்கில் நீண்ட சரக்குக் கோச்சி கடக்கும்போதெல்லாம் எங்களுக்குக் காங்கேசன்துறை நினைவு வரும். போரால் 1990இல் நின்ற சேவை, இந்தியக் கடனுதவியோடு 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் திரும்பியது. பயணிகள் வந்தார்கள். சரக்கு?

கணக்கு எளிது. தண்டவாளப் பராமரிப்பு, எத்தனை கோச்சி ஓடினாலும் தவிர்க்க முடியாத செலவு. ஏற்றும் ஒவ்வொரு தொன்னும் அந்தச் சுமையைப் பகிரும். ஆனால் பெட்டிகள் போகும்போதும் வரும்போதும் நிறையவேண்டும். வெறும் பெட்டி இழுத்தால் நட்டம்தான்.

அந்த நாளில் கொழும்பிலிருந்து சாமான் வந்தது, காங்கேசன்துறையிலிருந்து சீமெந்து போனது. 1990இல் சீமெந்து ஆலையும் நின்றது.

ஊரில் முதலிட விரும்பும் நாங்கள் இதை யோசிக்கவேண்டும். தண்டவாளம் வந்துவிட்டது, தெற்கே அனுப்ப எங்களிடம் பொருள் வேண்டும். வெங்காயக் களஞ்சியம், மீன் பதனிடும் ஆலை என்று ஏதாவது ஒன்றில் தொடங்கலாம்.